அழவிடக்கூடாதாம்

ஆஸ்பத்திரியில் சொன்னது ஒரு வாக்கியம். விநாசித்தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தது இரண்டு.

"அழுதால் கண்ணில பிரஷர் ஏறுமாம். பிள்ளையை அழவிடக்கூடாதாம்."

மனைவி வள்ளிநாயகி மலேரியாக் காய்ச்சலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அதனால்தான் பத்து மாதக் குழந்தையை அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்தது. போர்வையிலிருந்து முகத்தை மட்டும் வெளியே எடுத்து அவள் கேட்டாள்.

"ஆர் சொன்னது?"

"ஆஸ்பத்திரியிலதான்."

பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. பேச்சே பிடிக்காத மனிதர் அவர். நாலு பேர் அரை மணி நேரம் பேசியதை ஒரு வரியில் முடித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வது அவர் பழக்கம். அழுதால் ஏறும் என்றால் அழவிடக்கூடாது என்றுதானே பொருள்? முதல் வாக்கியத்தின் வால் போல இரண்டாவது தானாக வந்தது. வந்தது வெறுமனே வரவில்லை, கடைசியில் ஓர் 'ஆம்' ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த ஒட்டு, அவருடைய சொந்த ஊகத்தை ஆஸ்பத்திரியின் கட்டளையாக மாற்றிவிட்டது. அப்போது அது அவர் காதில் விழவில்லை.

குழந்தை புஷ்பராணிக்குக் கண்கள் பெரியவை. பிறந்த நாள் முதல் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனால், முன்பின் தெரியாத பெண்கள்கூட நின்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போவார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்று வள்ளிநாயகி இரண்டு கன்னத்திலும் மை வைத்தாள். பிறகு கண்கள் இன்னும் பெரிதாயின. ஜன்னலைத் திறந்தால் குழந்தை முகத்தைத் தாயின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டது. கருவிழிமேல் அரிசி கழுவிய தண்ணீர் போல ஒரு மங்கல் படர ஆரம்பித்தபோதுதான், அழகு என்று எல்லோரும் சொன்னது அழகுதானா என்ற சந்தேகம் விநாசித்தம்பிக்கு வந்தது.

வெள்ளைக்காரக் கண் டாக்டர், ஜப்பான்காரன் பினாங்குக்கு வருவதற்கு முன்பே கப்பலேறிப் போய்விட்டார். அவருடைய அறையில் இப்போது டாக்டர் ஏரம்பமூர்த்தி இருந்தார். காய்ச்சலுக்கும் கட்டிக்கும் மருந்து கொடுத்துப் பழகியவர். கண் நோயாளிகள் வந்தால், போனவர் விட்டுப்போன பெட்டியைத் திறந்து தெரிந்ததைச் செய்தார். அந்தப் பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்து ஒரு சின்ன உலோகக் கருவி இருந்தது. கீழே கண்ணின் வளைவுக்கு ஏற்ற ஒரு குழிந்த பாதம், நடுவே ஓர் ஊசி, மேலே வளைந்த தகட்டில் எண்கள், அதன்மேல் நகரும் ஒரு முள். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, விழியின்மேல் அதை நிறுத்த வேண்டும். கண்ணுக்குள் எவ்வளவு அழுத்தம் என்று முள் காட்டும்.

அன்று புஷ்பராணி அதைப் பார்த்த மாத்திரத்தில் வீறிட்டாள். டாக்டருக்கு உதவியாக இருந்த டிரஸர் திருநாவுக்கரசு தலையைப் பிடித்தார், விநாசித்தம்பி காலைப் பிடித்தார். குழந்தை முகம் நீலம் பாரித்துத் திமிறியது. டாக்டர் அளக்காமலே கருவியை மறுபடியும் பஞ்சில் வைத்தார்.

"புள்ள அழுதா பிரஷர் ஏறிடும், கிராணி," என்று டிரஸர் அந்தக் கூச்சலுக்கு மேலே விநாசித்தம்பியிடம் கத்திச் சொன்னார். "சொட்டு மருந்தும் இல்ல. அடுத்த மாசம் எங்கயாச்சும் தேடி வைக்கிறேன், கொண்டாங்க."

அழுகையைப் பற்றி அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

வள்ளிநாயகி மறுநாளே எழுந்துவிட்டாள். காய்ச்சல் விட்டதால் அல்ல. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததால்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் குழந்தை அழவில்லை. உதடு பிதுங்கும் முன்பே ஒரு கை அவளைத் தூக்கியது. வள்ளிநாயகி ஒரு கையால் மரவள்ளிக் கிழங்கை உரித்தாள், ஒரு கையால் அடுப்பு ஊதினாள், இடுப்பில் குழந்தை எப்போதும் இருந்தது. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி முழுவதும் குழந்தைக்குக் கஞ்சியானது. தாய்க்குக் கிழங்கு, தகப்பனுக்குக் கிழங்கு. கிழங்கைத் தின்று தின்று அவளுக்குப் பால் வற்றியது. வற்றிய முலையையும் குழந்தை சப்பிக்கொண்டே இருக்கும், அவள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு இருப்பாள். அம்மை குத்துகிறவர்கள் தெருவுக்கு வந்தபோது, ஊசிக்குப் பிள்ளை அழுமே என்று, பின்வாசல் வழியாகச் சுங்கை பினாங் ஆற்றங்கரைக்குப் போய், அவர்கள் போகும்வரை புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டுச் சலேஹாவையும் இந்தக் காவலில் அவள் சேர்த்துக்கொண்டாள். சலேஹாவின் தகப்பன் ராமநாதபுரத்து ஆள், தாய் மலாய்க்காரி. தமிழ் அவளுக்குப் பாதி வழியில் வந்து நின்றுவிட்ட பாஷை; மீதி இடத்தில் மலாய் 'லா'வும், செல்லமே என்பதற்கு 'சயாங்'கும் வந்து உட்காரும்.

"புள்ள முனங்குது லா, வள்ளி. குடு இங்க. என்ன சயாங், என்ன? அம்மா அடிச்சாளா? நாம அம்மாவ வித்துடலாம், ஒரு கோழி வாங்கலாம்."

"கோழிக்கு என்னை ஆர் வாங்குவினம், அக்கா? எலும்புதானே இருக்கு."

"சூப்பு வைக்கலாம் லா."

சலேஹாவின் சேவல் கூவும்போதெல்லாம் குழந்தை திடுக்கிட்டது. ஒரு நாள் அவளே அதைக் காலைக் கட்டித் தூக்கிப்போய் ஆயர் ஈத்தாமில் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். மறு வாரமே அது குழம்பாகிப் போனதாம். "என் பங்கு தரல, பாவிப்பய," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

விநாசித்தம்பிக்கு மௌனம் பிடிக்கும். ஆனால் இந்த மௌனம் வேறு மாதிரியானது. மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் மௌனம் அது. அதற்குள் உட்கார்ந்து புத்தகம் வாசிக்க முடியவில்லை. துறைமுகத்து அரிசிக் கிடங்கில் அவர் நிறுவைக் கிராணி, மூட்டைகளின் எடை எழுதும் குமாஸ்தா. பகல் முழுவதும் தராசு முள்ளைப் பார்ப்பது, வேலை முடிந்ததும் கிராணிமார் எல்லோரும் கட்டாயம் போக வேண்டிய ஜப்பானிய வகுப்பில் உட்காருவது, பிறகு வீடு. வீட்டில் அவர் பங்குக்குக் குழந்தையை வைத்திருக்கும்போது, பாடத் தெரியாத அவருக்கு அந்த வகுப்பில் படித்த ஜப்பானிய எழுத்து வரிசைதான் கைகொடுத்தது.

"அ, இ, உ, எ, ஒ. க, கி, கு, கெ, கொ."

குழந்தை அசையாமல் கேட்டது. 'கொ' வரும்போது சிரித்தது. ஒவ்வொரு முறையும் 'கொ'வில்தான் சிரிப்பு.

"என்னைவிட உங்களோடதான் அவளுக்குச் சிரிப்பு," என்றாள் வள்ளிநாயகி. அவள் கன்ன எலும்புகள் துருத்திக்கொண்டு தெரிந்தன.

"நீ கொஞ்சம் சாப்பிடன்."

"பிள்ளை அழாமல் இருந்தால் அதுவே எனக்குச் சாப்பாடு."

அவர் குழந்தையை மடியில் சரித்துக்கொண்டார். அடுத்த வரியைச் சொல்லத் தொடங்கினார்.

ஒரு நாள் ஜப்பானியக் காவல் சாவடி தாண்டும்போது, குனிந்து வணங்கியது போதாது என்று சிப்பாய் வள்ளிநாயகியின் தோளைத் துப்பாக்கிக் கட்டையால் தட்டினான். குழந்தைக்கு உதடு துடித்தது. அவள் அடி வாங்கிய தோளைத் தடவவில்லை. குனிந்த நிலையிலேயே குழந்தையின் காதருகே வாயை வைத்து, "க, கி, கு, கெ, கொ" என்றாள். சிப்பாய் திகைத்துப் பார்த்தான். பிறகு கையை அசைத்துப் போகச் சொன்னான். வீட்டுக்கு வந்து சட்டையை விலக்கிப் பார்த்தபோது தோள் கன்றிப்போயிருந்தது. "அவள் அழேல்லை," என்றாள், அதுதான் செய்தி என்பது போல.

மாதம் திரும்பியது. இந்த முறை இருவருமே குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டிரஸர் சொன்னபடி சொட்டு மருந்து தேடி வைத்திருந்தார். குப்பியின் அடியில் கொஞ்சம். எங்கே கிடைத்தது என்று டாக்டரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அறையில் ஜன்னலைச் சாத்தினார்கள். குழந்தையைத் துணியால் சுற்றி மேசையில் படுக்க வைத்தார்கள். சொட்டு விழுந்ததும் அவள் முகம் சுளித்தாள். விநாசித்தம்பி குனிந்தார்.

"அ, இ, உ, எ, ஒ."

குழந்தை அடங்கியது.

"நெசமாவா?" என்று டிரஸர் வாய்க்குள் சிரித்தார். "அவனுங்க பாஷை இதுக்காச்சும் உதவுதே."

"பகிடி பிறகு," என்றார் டாக்டர். "லாம்பைக் கிட்டப் பிடியும். தலையை அசைய விடாதேயும்."

விநாசித்தம்பி சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் இமைகளை விரலால் விலக்கி, கருவியை அந்தப் பெரிய விழியின்மேல் செங்குத்தாக இறக்கினார். குழந்தை அழவில்லை. திமிறவில்லை. 'கொ'வுக்காகக் காத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். வள்ளிநாயகி மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு கைகளையும் வாயில் பொத்தி நின்றாள்.

விநாசித்தம்பியின் கண்கள் முள்ளின்மேல் இருந்தன. அது அசையவில்லை. ஒரு மயிரிழை நகர்ந்தது போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் கருவியை எடுத்து, மேலே ஒரு சின்ன எடைக்கல்லை மாட்டி மறுபடியும் வைத்தார். முள் அப்போதும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. அடுத்த கண்ணிலும் அப்படித்தான்.

வாழ்நாள் முழுவதும் முள்ளைப் பார்த்தவர் விநாசித்தம்பி. தட்டில் ஒன்றும் இல்லாதபோதுதான் முள் அசையாமல் நிற்கும். மூட்டை ஏறினால் முள் ஏறும். இங்கே ஏறவில்லை. அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார், மெல்லத் தலையை இருபுறமும் ஆட்டினார். ஒன்றுமில்லை என்றார், சத்தம் இல்லாமல், உதட்டால் மட்டும். பிறகு சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அவள் சுவரில் சாய்ந்து, சேலைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

டாக்டர் கருவியைத் துடைத்தார். பஞ்சில் வைத்தார். பெட்டியை மூடவில்லை. மூடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விநாசித்தம்பி," என்றார் கடைசியில். "நீர் என்ன நினைச்சுச் சிரிக்கிறீர் எண்டு எனக்கு விளங்குது. இது தராசு இல்லை."

விநாசித்தம்பியின் சிரிப்பு முகத்திலேயே நின்றது, எடுத்துவிடத் தெரியாமல்.

"இந்த ஊசி கண்ணை அமத்திப் பாக்கிறது. கண் மெத்தெண்டு இருந்தால் ஊசி உள்ள போகும், முள் ஓடும். கண் இறுகிப்போச்செண்டால் ஊசியை உள்ள விடாது. முள் நிண்ட இடத்தில நிக்கும்." அவர் தம் இமையை மூடி, அதன்மேல் இரண்டு சுட்டுவிரல்களையும் வைத்துக் காட்டினார். "இப்பிடி உம்மட கண்ணைத் தொட்டுப் பாரும். பிறகு பிள்ளையின்ர கண்ணை."

விநாசித்தம்பி தொட்டுப் பார்த்தார். தம்முடையது விரலுக்குக் கீழே இணங்கிக் கொடுத்தது. பிறகு குழந்தையின் இமைமேல், பயந்து பயந்து, விரலை வைத்தார். மெல்லிய தோலுக்குக் கீழே பச்சைப் பாக்குப் போலக் கெட்டியாக இருந்தது. விரலை எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார், ஏன் என்று தெரியாமல்.

"இல்லை டொக்டர்," என்றாள் வள்ளிநாயகி. சேலைத் தலைப்பை முகத்திலிருந்து இறக்கியிருந்தாள். குரலில் பதற்றம் இல்லை, பிழையாகக் கூட்டிய கணக்கைத் திருத்தும் நிதானம்தான் இருந்தது. "அப்பிடி இருக்க ஏலாது. நாங்கள் இந்த ஒரு மாசமும் பிள்ளையை அழவே விடேல்லை. ஒருக்கால்கூட. பிறகு எப்பிடி ஏறும்?"

டாக்டருக்குப் புரியவில்லை. "அழுறதுக்கும் இதுக்கும் என்ன?"

"நீங்கள்தானே சொல்லி விட்டனீங்கள். அழுதால் ஏறும், அழவிடக்கூடாதெண்டு."

டாக்டர் டிரஸரைப் பார்த்தார். திருநாவுக்கரசு விளக்கைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னதும்மா அது," என்றார். "அழுது முக்குனா அந்த நேரத்துக்கு ஏறிக் காட்டும். அளவு தப்பா வரும். அதுக்காகத்தான் சொன்னேன். அழுறதால நோவு வராது. அழாம இருந்தாப் போகவும் போகாது. அழவிடக்கூடாதுன்னு நான் சொல்லலையே." சற்று நிறுத்தி, தணிந்த குரலில் கேட்டார். "யாரு சொன்னா?"

மேசைமேல் குழந்தை மட்டும் சத்தம் வந்த திசைகளுக்கெல்லாம் தலையைத் திருப்பியது.

வள்ளிநாயகி கணவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்குத் தாங்க வசதியாக இருந்திருக்கும். அவள் பார்த்தது, தெரிந்த தெருவில் வீடு மாறி நுழைந்துவிட்டவள் பார்ப்பது போல. பிறகு குழந்தையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"இனி என்ன செய்யிறது டொக்டர்?" என்றார் விநாசித்தம்பி.

"வெட்ட வேணும். கண்ணுக்குள்ள தேங்கின தண்ணிக்கு வழி விட வேணும். அதைச் செய்யத் தெரிஞ்ச வெள்ளைக்கார மனிசன் கப்பலேறியும் இப்ப ஜப்பான்காரன்ர எந்தக் கம்பிவேலிக்குள்ள இருக்கிறாரோ."

"நீங்கள்?"

"ஒருக்கால் பக்கத்தில நிண்டு பாத்திருக்கிறன். பாத்த கை செய்யாது." அவர் தம் கைகளைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். "துணிஞ்சாலும் மயக்க மருந்து இல்லை. இருக்கிறது பட்டாளத்தின்ர பூட்டுக்குள்ள. பிரஷர் இறக்கிற சொட்டு எண்டு ஒண்டு இருந்தது, அதுவும் முடிஞ்சு போச்சு. கேட்டு எழுதிப் பாத்திட்டன்."

"செய்யுங்கோ," என்றாள் வள்ளிநாயகி, முடிச்சை அவிழ்த்தபடியே. "மயக்காமல் செய்யுங்கோ. நான் பிடிச்சுக்கொண்டிருப்பன். அவள் அசையமாட்டாள். இப்ப பாத்தனீங்கள்தானே, எப்பிடிக் கிடந்தவள் எண்டு."

டாக்டர் கருவிப் பெட்டியை மூடினார். "ஏலாது, தங்கச்சி," என்றார் பிறகு.

"அப்ப உங்களால என்ன ஏலும்?"

"அளக்க ஏலும்," என்றார் டாக்டர். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

திரும்பும் வழியில் வெயில் கடுமையாக இருந்தது. வள்ளிநாயகி குழந்தையின் தலையைச் சேலையால் மூடியிருந்தாள். சாவடியில் இருவரும் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், நடந்தார்கள். விநாசித்தம்பி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். மன்னித்துக்கொள் என்று மனைவியிடம் சொல்லும் வழக்கம் அவர்கள் குடும்பங்களில் இல்லை. இருந்திருந்தாலும் எதற்கென்று தொடங்குவது? கூடுதலாகச் சொன்ன ஒரு சொல்லுக்கா, கன்றிப்போன தோளுக்கா, அந்தச் சிரிப்புக்கா? எல்லாவற்றையும்விட அந்தச் சிரிப்புதான் அவரைத் தின்றது.

வள்ளிநாயகி குழந்தையைத் தரையில் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இத்தனை நாளில் முதல் முறை இடுப்பு காலியாக. சற்று நேரத்தில் குழந்தை சிணுங்கியது. கை வரவில்லை. உதடு பிதுங்கியது, ஒரு கணம் அழுவதா என்று யோசிப்பது போல இருந்தது, பிறகு அழுதாள். பழக்கம் விட்டுப்போன அழுகை. கரகரத்து, விட்டுவிட்டு வந்து, பிறகு வழி கண்டுபிடித்து உரத்தது.

சலேஹா கை ஈரத்தோடு ஓடி வந்தாள்.

"வள்ளி, புள்ள அழுது. எங்க போனே? கேக்கலையா?"

"கேக்குது அக்கா. அழட்டும்."

"பைத்தியமா லா ஒனக்கு? கண்ணுக்கு ஆகாதுன்னு நீதானே சொன்னே?"

"அது பிழையாம்."

சலேஹா வாசலில் நின்ற விநாசித்தம்பியைப் பார்த்தாள். அவர் முகத்தில் என்ன கண்டாளோ, மேலே கேட்காமல் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டியபடி முற்றத்துக்குப் போய்விட்டாள். அழுகை அவளோடு முற்றத்தைச் சுற்றி வந்தது.

விநாசித்தம்பி அடுப்படிக்குள் போனார். அங்கே அவர் வருவது வழக்கமில்லை. வள்ளிநாயகி இரண்டு கைகளாலும் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றார்.

"தெரியும்."

"கூடுதலாச் சொல்லிப்போட்டன்."

அவள் உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த ஒரு மாசமும் நான் என்ன செய்திருப்பன்?" என்றாள். "சும்மா இருந்து அந்தக் கண்ணையே பாத்துக்கொண்டிருந்திருப்பன். இது, செய்யிறதுக்கு ஒண்டு இருந்தது. ஒவ்வொரு நாளும் படுக்கேக்க, இண்டைக்கும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும் எண்டு நினைச்சுப் படுத்தனான்." கத்தி கிழங்கில் நின்றது. "இனி என்ன செய்யிறது? அதைச் சொல்லுங்கோ."

அவர் நின்றார். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் கொடுத்துவிடத் தயாராகத்தான் இருந்தார். எந்தப் புத்தகத்தில் எந்த வரியிலாவது இருந்தால்கூடப் போதும். வெளியே அழுகை தேய்ந்து விக்கலானது.

"அளக்க ஏலுமெண்டு டொக்டர் சொன்னவர். அடுத்த மாசமும் கொண்டுபோகலாம்," என்றார்.

"அளந்து?"

அவள் ஒரு கிழங்கு முழுவதையும் உரித்து முடித்தாள்.

"கொண்டுபோவம்," என்றாள் பிறகு. "பிரஷர் எவ்வளவு கூடியிருக்கெண்டாவது ஆருக்கெண்டாலும் தெரியட்டும்."

கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். முற்றத்துக்குப் போய்ச் சலேஹாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.